நாலேகால் அங்குலக் குழல்

என் கணவருக்குத் துவக்கு வைத்திருக்கும் லைசென்ஸ் கிடைத்தபோது சொந்தக்காரர் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் முதலில் பதுங்குகுழிக்குள் பாய்கிறவர் இவர்தான். பாய்ந்த பிறகுதான் என்னைக் கூப்பிடுவார். அப்படிப்பட்ட மனிதர் ரொறன்ரோவுக்கு வந்து, சோதனை எழுதிப் பாஸ் பண்ணி, கைத்துப்பாக்கி வாங்கி, சனிக்கிழமைகளில் கடதாசியைச் சுட்டுவிட்டு வந்து அதை எண்ணெய் போட்டுத் துடைக்கிறார் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"அது வேறை, இது வேறை, பாலேஸ். அங்கை சட்டம் துவக்குக்குப் பயந்தது. இஞ்சை துவக்கு சட்டத்துக்குப் பயப்பிடுது" என்பார்.

அதுவும் உண்மைதான். சுடுகிற இடத்துக்குக் கொண்டுபோக ஒரு அனுமதி. வீட்டில் ரவை ஏற்றாமல், விசைக்கு ஒரு பூட்டுப் போட்டு, இரும்புப்பெட்டிக்குள் வைத்து, அதற்கும் பூட்டு. குழலின் நீளத்துக்குக்கூட ஒரு சட்டம் உண்டு. நூற்றைந்து மில்லிமீற்றரைத் தாண்டவேண்டும், இல்லையென்றால் தடை. இவர் கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் அளவு பார்க்கிற வேலை செய்கிறவர். தில்லையம்பலம் பார்த்து விட்ட சாமானில் பிழை வராது என்று அங்கே ஒரு பெயர் இருக்கிறது. மில்லிமீற்றர் கணக்கில் சட்டம் வைத்திருக்கிற விளையாட்டு இவருக்குப் பிடிக்காமல் வேறு யாருக்குப் பிடிக்கும்? நானும் ஒன்றும் சொல்லவில்லை. குடிக்கப் போகாமல் சுடப் போகிறார், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன கார்த்திகையில் எல்லாம் மாறியது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். இவர் சுடப் போயிருந்தார். மகன் சுலக்சன் வேலைக்குப் போயிருந்தான். நான் குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கக் கண்ணாடிக் கதவைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். முகத்தில் துணி. நான் கையிலிருந்த கத்தியை நானாகவே கீழே போட்டேன். ஒருவன் என் கழுத்துத் தாலிக்கொடியைப் பிடித்தான். கொக்கி இறுகியிருந்தது, அவனுக்குக் கழற்றத் தெரியவில்லை. சனியன் கெதியாகப் போய்த் துலையட்டும் என்று நானே கழற்றிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கதவை உடைத்ததற்குக் கோபம், கைகட்டி நின்றதற்குக் கோபம்.

இவர் வந்து கண்ணாடித் துண்டுகளின் நடுவில் நின்றார். கையில் துவக்குப் பெட்டி. என் வெறுங்கழுத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. "உம்மடை கொடியைக் கழட்டேக்கை நான் கடதாசியைச் சுட்டுக்கொண்டு நிண்டனான்."

"நீங்கள் வீட்டிலை நிண்டிருந்தாப்போலை என்ன செய்திருப்பியள்? பூட்டைத் திறந்து, மற்றப் பூட்டைத் திறந்து, ரவையை எடுத்து... அவங்கள் தேத்தண்ணி குடிச்சிட்டே போயிருப்பாங்கள்" என்றேன்.

பகிடிக்குத்தான் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. அதை ஒரு கணக்காக எடுத்துக்கொண்டார்.

தை மாதத்தில் சுலக்சனுக்குக் கலியாணம் வைத்திருந்தோம். பெண் அட்சயா, மார்க்கம் நகரப் பக்கம். எங்கள் ஆட்களின் கலியாணத்தில் பொன்னுருக்கு என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கலியாணத்துக்குச் சில நாள் முன்னதாக, நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் தட்டார் வந்து ஒரு பொற்காசை உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி. கொடி முன்னமே செய்து முடித்திருக்கும், அதையும் அன்றைக்குத் தட்டத்தில் வைத்துச் சபைக்குக் காட்டவேண்டும். ஆக, எந்த நாளில் எந்த வீட்டில் கழுத்து நிறையப் பொன் இருக்கும் என்பதை, விலாசத்தோடும் நேரத்தோடும், நாங்களே ஊர் முழுக்க வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவோம். இப்படியொரு சனம் உலகத்தில் வேறு எங்கும் இருக்காது.

"கோயிலிலை வைப்பம். இல்லாட்டி ஹோலிலை" என்றார் இவர்.

"மாப்பிள்ளை வீட்டிலை செய்யிறதுக்குத்தான் பொன்னுருக்கு எண்டு பேர். கள்ளனுக்குப் பயந்து என்ரை பிள்ளையின்ரை தாலியைத் தெருவிலையே உருக்கிறது?" என்று நான் நின்றேன். என் கழுத்தில் கை வைத்தவர்களுக்காக நான் ஒரு அங்குலமும் விலகுவதாக இல்லை.

இவர் வேறு வழி பார்த்தார்.

இவரிடம் இரண்டு துப்பாக்கிகள். ஒன்று போட்டிக்குச் சுடுகிற நீளமானது, குழல் ஆறு அங்குலம். மற்றது சின்னது, நாலேகால் அங்குலம், சட்டத்தின் கோட்டை மயிரிழையில் தாண்டியது. குளிர் மாரி தொடங்கியதும் இவர் மேசையில் இருந்தபடி கைபேசியில் அமெரிக்கர்கள் சுடுகிற வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினார். சாப்பிடும்போதும் அதுதான், ஷூ மாட்டும்போதும் அதுதான். முனை குழிந்த சன்னம், துப்பாக்கிக் குண்டு, என்று ஒன்று இருக்கிறதாம். உடம்புக்குள் போனதும் பூப்போல விரிந்து, உள்ளேயே நின்றுவிடும். ஆனால் விரிவதற்கு வேகம் வேண்டும். வேகத்துக்குக் குழல் நீளம் வேண்டும். குழல் குட்டையென்றால் வெடிமருந்து முழுக்க எரிந்து தள்ளுவதற்கு முன்னமே சன்னம் வெளியே வந்துவிடும்.

"பெட்டியிலை போட்டிருக்கிற வேகம் நீளக் குழலிலை அளந்தது. என்ரை சின்னதிலை வினாடிக்கு எழுபது அடி குறையுது. மெசினிலை அளந்து பாத்தனான்."

"குறைஞ்சா நல்லதுதானே?"

"இல்லை. குறைஞ்சா விரியாது."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். "ஆருக்குள்ளை விரியாது?"

இவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து யன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். அந்த மாரி முழுக்க இவர் ஓரிடத்தில் இருந்ததை நான் காணவில்லை. இவர் நடக்க நடக்க எனக்கும் கை கால் ஓடாது. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டிருக்கிறேன்.

மார்கழியில் ஒரு நாள் என் பழைய குளிர் ஜக்கெற்றைக் காணவில்லை. நன்கொடைப் பெட்டியில் போடவென்று மடித்து வைத்தது. பின்னேரம் இவர் வந்து குசினி மேசையில் இரண்டு சன்னங்களை வைத்தார். நகரத்துக்கு வடக்கே இருக்கிற கிளப்பில் கேட்டு அனுமதி வாங்கி, தண்ணீர் நிரப்பிய கான்களை வரிசையாக அடுக்கி, முன்னால் என் ஜக்கெற்றைப் போர்த்திச் சுட்டாராம்.

"வீடியோவிலை ஜீன்ஸ் துணி போட்டுச் சுடுறாங்கள். இஞ்சை தை மாதத்திலை வாறவன் ஜீன்ஸோடையே வரப்போறான்? ஜக்கெற் போட்டுத்தான் வருவான்."

ஒரு சன்னம் விரிந்து, ஓரம் சுருண்டு கிடந்தது. அது ஆறங்குலக் குழலிலிருந்து வந்தது. மற்றது போனபடியே இருந்தது. அதன் குழிக்குள் என் ஜக்கெற்றின் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது, நீல நூலும் தெரிந்தது. பத்து மாரி நான் போட்டுத் திரிந்த ஜக்கெற் அது.

"இது ஏன் விரியேல்லை?"

"சின்னக் குழல். வேகமும் காணாது, பஞ்சும் அடைச்சிட்டுது. விரியாட்டி நிக்காது. எல்லாக் கானையும் துளைச்சுக்கொண்டு கடைசிக் கானுக்குள்ளைதான் கிடந்தது."

"கான் இல்லாட்டி?"

"போயிருக்கும்."

நான் எழுந்து சுவரைத் தட்டினேன். எங்களுடையது மல்வேர்னில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு, ரவுண்ஹவுஸ். சுவருக்கு அந்தப் பக்கம் கிளடிஸ் அன்ரி வீடு. மன்னார்க்காரர், எங்களோடு பழகி இருபது வருஷத்துக்கு மேல். அவவின் பேத்தி பிறந்து மூன்று மாதம், தொட்டில் சரியாக எங்கள் மாடி அறையின் சுவருக்கு அங்கால்தான் கிடந்தது. குழந்தை அழுதால் எங்களுக்குக் கேட்கும்.

"இந்தச் சுவருக்குள்ளை என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ஜிப்ரொக், மெல்லிய சுண்ணாம்புப் பலகை. பஞ்சு. திருப்பி ஜிப்ரொக்."

சொல்லிவிட்டு இவரும் சுவரைப் பார்த்தார். நான் காத்துக்கொண்டு நின்றேன். இப்போது விளங்கியிருக்கும், இனி இந்தப் பேச்சை விட்டுவிடுவார் என்று நம்பினேன். கடைசியில், "அப்ப நீளமானதைத்தான் எடுக்கவேணும்" என்றார்.

எனக்குக் கெட்ட கோபம் வந்தது. அந்த இரண்டு சன்னத்தையும் தூக்கிக் குப்பைக்குள் போட்டேன்.

அதன் பிறகு ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். பொன்னுருக்கு அன்றைக்கு மட்டும், பொன் வீட்டில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும், துப்பாக்கி ரவை ஏற்றியபடி, பூட்டில்லாமல், மாடி அறையில் இருக்கும்.

"பிள்ளையள் ஓடித்திரியிற வீட்டிலையோ? பிடிபட்டா உங்களை உள்ளை போடுவாங்கள். கலியாணத்துக்கு மாப்பிள்ளையின்ரை தகப்பன் எங்கை எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"ஒருத்தருக்கும் தெரியாது. கீழை சத்தம் கேட்டா நான் அசைய மாட்டன். கதவைப் பாத்துக்கொண்டு இருப்பன். வாறவன் வரட்டும்."

எனக்கு இந்த மனிதரைத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

துவக்கு லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகத்தில் மனைவியிடமும் சம்மதமா என்று கேட்பார்கள். வீட்டில் பயமாக இருந்தால் போன் அடியுங்கோ என்று ஒரு நம்பரும் இருக்கிறது. ஒரு நாள் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது அடித்தேன். மணி போகத் தொடங்கியதும் வைத்துவிட்டேன். அடித்தால் வந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு போவார்கள். இப்போது இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. போனால் போனதுதான். போட்டியில் வாங்கிய பதக்கங்களை இவர் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கிறார். இந்த நாட்டில் இவருக்கென்று, இவராகத் தேடிக்கொண்ட சந்தோஷம் அது ஒன்றுதான். கட்டின பெண்சாதியே காட்டிக்கொடுத்தாள் என்றால் அந்த மனம் தாங்குமா? கலியாணமும் கிட்டவந்துவிட்டது. எனக்கு விரல் வரவில்லை.

அதற்குப் பதிலாகச் சண்டை பிடித்தேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். கடைசியில் இவரே வந்து, "சரி, பூட்டித்தான் கிடக்கும். விடும்" என்றார். நான் நம்பினேன். நம்பவேண்டும் போல இருந்தது.

பொன்னுருக்கு ஒரு வியாழக்கிழமை காலை. வெளியே மூக்கு விறைக்கிற குளிர். உள்ளே கால் வைக்க இடமில்லை. பெண் வீட்டார், எங்கள் ஆட்கள், கிளடிஸ் அன்ரி, ஓடித்திரிகிற குழந்தைகள். சுலக்சன் பட்டுவேட்டியோடு முன்னால் இருந்தான். தட்டார் மின்சார அடுப்பு கொண்டுவந்திருந்தார். நான்தான், சிரட்டைக் கரி போட்டு முறையாகச் செய்யுங்கோ என்று பிடிவாதமாக நின்றேன். கரிச் சட்டி, சாம்பிராணி, கற்பூரம். ஸ்பீக்கரில் நாதஸ்வரம். நல்ல நேரத்துக்குள் பொன் உருகியது. இவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பொன்னையும் கொடியையும் தட்டத்தில் வைத்து எல்லாருக்கும் காட்டினோம். பிறகு இவர் அதை வாங்கிக்கொண்டு, இரும்புப்பெட்டிக்குள் வைக்கவென்று மாடிக்குப் போனார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் வீடு அலறத் தொடங்கியது.

களவு போன பிறகு பொருத்திய அலாரம் அது. கள்ளனுக்கு ஒரு சத்தம், புகைக்கு ஒரு சத்தம் என்று பொருத்த வந்த பெடியன் விளங்கப்படுத்தினான்தான். யார் கேட்டது? இவர் அந்த நேரம் கதவுக் கொண்டியை அளந்துகொண்டிருந்தார். அலாரக் கொம்பனி எங்கள் போனுக்கு அடித்திருக்கிறார்கள். நாதஸ்வரத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எடுக்காவிட்டால் தீயணைப்புப் படைக்கு அறிவிப்பது அவர்கள் வேலை.

சுலக்சன் ஒரு துவாயை எடுத்துப் புகையை விசிறினான். "It's fine, it's fine, just the smoke, அன்ரி!" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். குழந்தைகள் வீரிட்டு அழுதன. பெண் வீட்டு ஆச்சி ஒருவருக்கு நெஞ்சு படபடக்க, நான் அவவைக் கதவடிக்குக் கொண்டுபோய் ஜக்கெற் போட்டுக்கொண்டிருந்தேன். மாடியைப் பார்த்து ஒரு தரம் கூப்பிட்டேன். இந்தச் சத்தத்தில் கேட்டிராது என்று விட்டுவிட்டேன்.

கதவை ஓங்கித் தட்டினார்கள். சுலக்சன் திறந்தான். தொப்பியும் பாரமான ஜக்கெற்றும் பெரிய சப்பாத்துமாக நாலைந்து பேர். முன்னுக்கு வந்தவன் முகமூடியும் போட்டிருந்தான். மற்றவர்கள் கரிச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவன் மேலேயும் பார்க்கவேண்டும் என்று கையைக் காட்டிவிட்டு, இரண்டு இரண்டு படியாக மாடிக்கு ஏறத் தொடங்கிவிட்டான்.

அப்போதுதான் எனக்கு இவருடைய சொல் ஞாபகம் வந்தது. வாறவன் வரட்டும்.

ஆச்சியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். சேலை காலில் இழுத்தது. "இஞ்சாருங்கோ! நெருப்பணைக்கிற ஆக்கள்! இஞ்சாருங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மாடியில் அலாரம் இன்னும் மோசம், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் எங்கள் அறைக் கதவைத் தள்ளினான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவனுடைய அகன்ற முதுகைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போது கேட்கும், இப்போது கேட்கும் என்று காத்திருந்தேன். அவன் அண்ணாந்து பார்த்தான். கதவடியிலேயே மேலே இருந்த அலாரத்துக்குக் கையை நீட்டி அமத்தினான்.

சத்தம் நின்றது. நான் கத்திக்கொண்டிருந்தது மட்டும் மிச்சம்.

"இஞ்சாருங்கோ!"

உள்ளேயிருந்து இவர் குரல் வந்தது. "ஓம். நிக்கிறன்." யாரோ கிணற்றுக்குள் இருந்து பேசினது போல.

அந்தப் பெடியன் முகமூடியைக் கழற்றினான். வியர்த்த முகம், சுலக்சனிலும் இளசாக இருப்பான். கட்டிலில் இருந்த இவரைப் பார்த்து, எல்லாம் சரிதானே என்று ஆங்கிலத்தில் கேட்டான். இவர் தலையாட்டினார். இவருடைய வலக்கை தலையணைக்கு அடியில் இருந்தது. அவன் வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கீழே போனான். கிளடிஸ் அன்ரி அவர்கள் எல்லாருக்கும் பலகாரம் கொடுத்து அனுப்பினாவாம். கீழே மறுபடியும் சிரிப்பும் பேச்சும் கேட்டது.

நான் கதவைச் சாத்தினேன். இவர் தலையணைக்கு அடியிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். ரவைக்கூட்டைக் கழற்றினார். மேல்தகட்டை இழுக்க, உள்ளே ஏறிக் கிடந்த ஒரு ரவை துள்ளிப் போர்வையில் விழுந்தது. துப்பாக்கி சின்னதுதான், நாலேகால் அங்குலம்.

"நீளமானதெண்டு சொன்னியள்" என்றேன்.

"அலாரம் கேட்ட அவசரத்திலை கைக்கு வந்தது இதுதான்."

கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"விசையிலை விரல் கிடந்தது, பாலேஸ்" என்றார். "அவன் கதவுக்குள்ளை நிக்கிறான். நான் அவன்ரை முகத்தைப் பாக்கேல்லை. ஜக்கெற்றைத்தான் பாத்தனான். எத்தினை மடிப்பு இருக்கும், பஞ்சு எவ்வளவு மொத்தம், சின்னக் குழல், விரியாது, ரெண்டு தரம் சுடவேணும் எண்டு கணக்குப் பாத்துக்கொண்டு இருந்தனான். அவன் கையைத் தூக்கினபடியால் விரல் நிண்டது. கையைத் தூக்கினவனைச் சுடக்கூடாது எண்டு மனசிலை எங்கையோ கிடந்திருக்கு."

"நான் கத்தினது கேக்கேல்லையோ?"

"நீர் எங்கை நிண்டனீர்?"

"அவனுக்குப் பின்னாலை."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முதலில் விளங்கவில்லை. பிறகு கண் என் நெஞ்சுக்கு வந்தது, அங்கிருந்து கதவுக்குப் போனது, திரும்பி என்னிடம் வந்தது. இவருக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். விரியாத சன்னம் எங்கே போய் நிற்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த மனிதர் அழுது நான் கண்டதில்லை, தாய் செத்தபோதும் அழவில்லை. அன்றைக்கு என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே இருக்கிறவர்களுக்குக் கேட்காமல், வாயைத் தோளில் அமத்திக்கொண்டு அழுதார்.

கொஞ்ச நேரத்தில் நான் கைபேசியை எடுத்தேன். ஒளித்துச் செய்ய எனக்கு மனமில்லை. அவர் பக்கத்தில் இருக்கவே, பஸ்ஸில் அடித்து வைத்த அந்த நம்பருக்கு ஸ்பீக்கரில் போட்டு அடித்தேன். இவர் நம்பரைப் பார்த்தார். தடுக்கவில்லை. இரண்டு துப்பாக்கியையும் பூட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து மறுபடியும் என் பக்கத்தில் இருந்தார்.

ஒரு பெண் எடுத்தாள். அமைதியான குரல். என் பெயரைக் கேட்டாள், இவர் பெயரைக் கேட்டாள். பிறகு கேட்டாள், உங்கள் கணவரால் உங்களுக்கு ஆபத்து இருக்கிறதா என்று.

கட்டின நாளிலிருந்து என்னை நோக்கி ஒரு விரலைக்கூட ஓங்காத மனிதர். நான் இவரைப் பார்த்தேன். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்லும் என்று தலையை ஆட்டினார்.

"ஓம்" என்றேன்.